சமணர் மலைக்குப் போய் ஆவாரம்பூ பார்த்த கதை

மதுரை ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசுவதற்குள் பாதித் தெம்பு போய்விடுகிறது. ஊருக்கு மேற்கே, சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடிக்கு 450 ரூபாய் என்றார் ஒருவர். "மலையடிவாரம் சார், திரும்ப சவாரி கிடைக்காது" என்று காரணம் வேறு. 350-க்கு இறங்கி வந்தார். அதுவே அநியாயம். டவுன் பஸ் இருக்கிறது, பொறுமை உள்ளவர்கள் அதில் போங்கள்.

தாமரைக்குளம், கருப்பசாமி கோயில், செட்டிப்புடவு குகை, தீர்த்தங்கரர் சிற்பங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். அதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அடிவாரத்து ஆவாரஞ்செடிகளைப் பற்றி. அந்த வெயிலிலும் கிளை நுனியெல்லாம் மஞ்சள்! தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது, ஆடு மாடும் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. இதை விட்டுவிட்டுச் சாலை நடுவில் எங்கிருந்தோ கொண்டுவந்த அலங்காரச் செடிக்கு லாரியில் தண்ணீர் ஊற்றுகிறோமே, என்ன புத்தியோ.

ஒரு கிளையைக் கிட்டத்தில் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் அகலமான பச்சைச் செதில் ஒன்று, அச்சு அசல் காதுமடல். அதனால்தான் செடிகளுக்கு அறிவியல் பேர் வைத்த லின்னேயஸ் 1753-இல் 'காசியா ஆரிகுலேட்டா' என்று பேர் வைத்தார். ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது. சரக்கொன்றையும் அப்போது அதே காசியா பேரினத்தில்தான் இருந்தது. தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இறந்தபின் 1832-இல் வெளியான அவருடைய 'ஃப்ளோரா இண்டிகா'வில் ஆவாரை 'சென்னா ஆரிகுலேட்டா' ஆனது. ஆனாலும் காசியாவே ரொம்ப நாள் புழங்கியது. 1982-இல் இர்வின், பார்னபி என்ற தாவரவியலாளர்கள் இருவரும் காசியாவை மூன்றாகப் பிரித்த பிறகுதான் சென்னா நிலைத்தது. காசியாவிலேயே தங்கிவிட்ட சரக்கொன்றைப் பூவில் மூன்று மகரந்தக் காம்புகள் மட்டும் நீளமாக நெளிந்து வளைந்திருக்கும். ஆவாரையில் அது இல்லை. பதிலுக்கு, ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவே குச்சி போல் ஒரு தேன்சுரப்பி நிற்கும். கொன்றை இலையில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

அந்தக் காலத்தில் தோல் பதனிட இதன் பட்டையைத்தான் உரித்தார்கள். இப்போது பொங்கல் காப்புக்கட்டுக்கும் பொடி வியாபாரத்துக்கும் பூவைப் பறிக்கிறார்கள்.

டவுனுக்குத் திரும்பி ஒரு டம்ளர் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் தூக்கல், அமிர்தம்! அப்புறம் ஒரு கடையில் ஆவாரம்பூப் பொடி, 100 கிராம் 180 ரூபாயாம். பாக்கெட்டில் இன்னும் 'காசியா' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பழைய பேர் போட்டால் போகட்டும், அந்த விலைக்கு நான் வாங்குவதாக இல்லை.