மேற்கு சஹாரா: செய்தி மேசையில் தவறிப்போகும் இடங்கள்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருப்பவர்களின் மேசைக்கு அக்டோபர் கடைசியில் மேற்கு சஹாரா தவறாமல் வந்துவிடும்; மொராக்கோவுக்குத் தெற்கே அட்லாண்டிக் கரையில், மொராக்கோ தனதென்று சொல்லும் சர்ச்சைக்குரிய நிலம் அது. போர்நிறுத்தத்தையும் வாக்கெடுப்பையும் கவனிக்க அங்கே அமைத்த மினுர்சோ என்ற ஐ.நா. குழுவின் பணிக்காலத்தைப் பாதுகாப்பு சபை நீட்டிக்கும் நேரம் அது. நான்கு பத்திச் செய்திதான். ஆனால் தப்பு விழ இடம் தாராளம்.

முதல் வில்லங்கம் வரைபடம். மொராக்கோவுக்கும் மேற்கு சஹாராவுக்கும் நடுவே வட அட்சம் 27 டிகிரி 40 நிமிடத்தில் ஒரு நேர்கோடு ஓடும். மொராக்கோ வெளியிடும் படங்களில் அந்தக் கோடே இருக்காது. கைக்குக் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டினால், செய்தியில் 'சர்ச்சைக்குரிய பகுதி' என்று எழுதிவிட்டு, படத்தில் அதை மொராக்கோவுக்கே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மணற்சுவரை எல்லையாகக் காட்டுவது இன்னொரு தப்பு. 1980-க்கும் 1987-க்கும் இடையில் மொராக்கோ ராணுவம் கட்டம் கட்டமாக எழுப்பிய அந்தச் சுவரின் நீளம் சுமார் 2,700 கி.மீ. மண்ணும் கல்லும் குவித்த அணை, அதன் முன்னால் கண்ணிவெடி வயல். அது பெரும்பாலும் பிரதேசத்துக்கு உள்ளேதான் ஓடுகிறது. கடற்கரை, நகரங்கள், பூக்ரா பாஸ்பேட் சுரங்கம் என்று ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மொராக்கோ வசம். கிழக்கே மிஞ்சிய வறண்ட பட்டைதான், இந்நிலத்து மக்களான சஹ்ராவிகளுக்குத் தனி நாடு கேட்டுப் போராடும் பொலிசாரியோ அமைப்பின் பகுதி.

அடுத்தது டேட்லைன், அதாவது செய்தியின் தொடக்கத்தில் வரும் ஊர்ப்பெயர். அல்ஜீரியாவில் டிண்டூஃப் அருகேயுள்ள அகதி முகாம்களுக்கு, சஹ்ராவிகள் விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்: லாயூன், ஸ்மாரா, தாக்லா, அவ்சேர்ட், போஜ்தூர். "தாக்லாவில் வெள்ளம், மண் வீடுகள் கரைந்தன" என்று ஏஜென்சி அனுப்பினால் அது பெரும்பாலும் முகாம். "தாக்லாவில் முதலீட்டு மாநாடு" என்றால் அட்லாண்டிக் கரையிலுள்ள நகரம். டேட்லைனில் நாட்டின் பெயரைப் பார்க்காமல் பக்கத்துக்கு அனுப்பக் கூடாது.

பின்னணிப் பத்தியில் 1975-ஐ அவசரமாகக் கடப்பதால்தான் பாதிக் குழப்பம். 1884 முதல் ஸ்பெயின் வசமிருந்த நிலம் அது. 1975 அக்டோபர் 16 அன்று சர்வதேச நீதிமன்றம், சில பழங்குடிகளுக்கும் மொராக்கோ சுல்தானுக்கும் விசுவாச உறவு இருந்தது, ஆனால் அது நிலத்தின் மீதான இறையாண்மை ஆகாது என்றது. முதல் பாதியை மொராக்கோ மேற்கோள் காட்டும், இரண்டாம் பாதியைப் பொலிசாரியோ. மூன்றே வாரத்தில், நவம்பர் 6-ல், சுமார் 3,50,000 பேரைப் பசுமை ஊர்வலமாக எல்லை தாண்ட வைத்தார் மன்னர் இரண்டாம் ஹசன். ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ சாகக் கிடந்த நேரம். நவம்பர் 14-ல் மாட்ரிட்டில் ஒப்பந்தம் போட்டு மொராக்கோ, மொரிட்டானியா இரண்டின் கையிலும் நிலத்தைக் கொடுத்துவிட்டு ஸ்பெயின் நழுவியது. மொரிட்டானியா 1979-ல் விலகிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் பாஸ்பேட்தான் காரணம் என்று முடித்துவிடுவது சுலபம். மொராக்கோவின் மொத்த பாஸ்பேட் உற்பத்தியில் பூக்ராவின் பங்கு சிறியது. சண்டை இவ்வளவு காலம் இழுப்பதற்கு நான் காரணமாகச் சொல்வது வாக்காளர் பட்டியலைத்தான். 1991 செப்டம்பர் 6-ல் மொராக்கோவுக்கும் பொலிசாரியோவுக்கும் இடையே போர்நிறுத்தம், 1992 ஜனவரியில் தனி நாடா மொராக்கோவோடு சேர்வதா என்று பொதுவாக்கெடுப்பு என்று ஏற்பாடு. யார் வாக்காளர்? 1974-ல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் இருந்தவர்கள் சுமார் 74,000 பேர். அவர்கள், அதில் விடுபட்டவர்கள், இவ்விரு வகையினரின் பெற்றோர்-பிள்ளைகள், அங்கே பிறந்த தந்தையின் வாரிசுகள், 1974 டிசம்பருக்கு முன் தொடர்ந்து 6 ஆண்டு அல்லது விட்டுவிட்டு 12 ஆண்டு வாழ்ந்தவர்கள் என ஐந்து தகுதிகள் வகுத்தார்கள். நாடோடிகளிடம் காகிதம் ஏது? விண்ணப்பதாரர் இன்ன குலம் என்று ஷேக்குகள் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும்; இரு தரப்பு ஷேக்குகளும் ஒத்துப்போனால்தானே! 2000 வாக்கில் தேறியவர்கள் 86,000-க்குச் சற்று மேல்; மேல்முறையீடுகளோ 1,30,000-ஐத் தாண்டின. வாக்கெடுப்பு அதோடு நின்றது.

அக்கம்பக்கத்து விளைவுகளில் எழுதத் தகுந்தது எரிவாயு. பொலிசாரியோவை ஆதரிக்கும் அல்ஜீரியா, மொராக்கோவுடன் உறவை 2021 ஆகஸ்டில் முறித்து, அந்நாட்டு வழியாக ஸ்பெயினுக்குப் போன குழாயை அக்டோபர் 31-ல் மூடிவிட்டது. மேற்கு சஹாராவைத் தன் இறையாண்மைக்குக் கீழ் சுயாட்சிப் பகுதியாக வைக்கும் மொராக்கோவின் திட்டத்தை மறு ஆண்டு ஸ்பெயின் ஆதரித்ததும், ஸ்பெயினுடனான நட்புறவு ஒப்பந்தத்தையும் அல்ஜீரியா நிறுத்தி வைத்தது. 1989-ல் ஐந்து நாடுகள் தொடங்கிய அரபு மக்ரெப் ஒன்றியம் 1994-க்குப் பிறகு உச்சிமாநாடே கூட்டவில்லை. ஐரோப்பியக் கடைகளுக்கும் இந்தத் தகராறு போய்ச் சேர்ந்திருக்கிறது: மேற்கு சஹாராவில் விளையும் தக்காளிக்கும் முலாம்பழத்துக்கும் 'மேற்கு சஹாரா' என்றே லேபிள் வேண்டும் என்று 2024-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது.

பாதுகாப்பு சபையின் 2025 அக்டோபர் தீர்மானம் 2797-க்கு "மொராக்கோவின் இறையாண்மையை ஐ.நா. ஏற்றது" என்று தலைப்பு வைத்தால் தப்பு. 2007 சுயாட்சித் திட்டத்தைப் பேச்சுக்கு அடிப்படையாக எடுத்ததுதான் அதில் புதுசு. சுயநிர்ணயம் என்ற வார்த்தை இன்னும் உள்ளே இருக்கிறது. இந்தியா பற்றி ஒரு வரி சேர்ப்பவர்கள் கவனிக்க: பொலிசாரியோ அறிவித்த சஹ்ராவிக் குடியரசை 1985-ல் அங்கீகரித்த இந்தியா 2000-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. பழைய கோப்பை நம்பி எழுதினால் முதல் பாதி மட்டும் அச்சாகும்.