என் எஸ்ஓபியை நானே எழுதிய கதை

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்எஸ் படிக்க 2024 கடைசியில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். மதிப்பெண் சான்றிதழ், டோஃபல் ஆங்கிலத் தேர்வு, கட்டணம் எல்லாம் அலைச்சல்தான், ஆனால் குழப்பம் இல்லை. இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது எஸ்ஓபி. நீ யார், ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்கள் துறை என்று அவர்கள் கேட்பதற்கு நாம் எழுதித் தரும் இரண்டு பக்கம். இந்த வருடம் எழுதப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் பரீட்சை எழுத வரும். என்னைப் பற்றி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அதனால் முதலில் சாட்ஜிபிடியிடம்தான் போனேன். படிப்பு, மதிப்பெண், ப்ராஜெக்ட் தலைப்பு கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பக்கம் வந்தது. படிக்கப் படிக்க அவ்வளவு அழகாக இருந்தது.

அன்று இரவு ஹாஸ்டலில் என் ரூம்மேட்டும் அவளுடையதைக் காட்டினாள். அவளுக்கு பயோமெடிக்கல். இருவரும் மாற்றி மாற்றிச் சத்தமாகப் படித்தோம். சிறு வயது ஆர்வம், ஒரு திருப்புமுனை, உலகத்துக்குப் பயன்பட வேண்டும் என்கிற ஆசை. பத்திக்குப் பத்தி ஒரே வரிசை, முதல் வாக்கியம் கிட்டத்தட்ட ஒன்றே. அதைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. எங்கள் சோதனையில் கழிவுநீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு, 40 சதவீதம் குறைந்தது என்று என் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அப்போது நாங்கள் மூன்றே முறைதான் சோதனை ஓட்டியிருந்தோம். அந்த எண்ணை நான் கொடுக்கவே இல்லை. கவனிக்காமல் அனுப்பியிருந்தால் என் பெயரில் ஒரு பொய் போயிருக்கும்.

சரி, நானே எழுதுகிறேன் என்று நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். சின்னச் சின்ன வாக்கியம், தெரிந்த வார்த்தைகள். அதை ஒரு கன்சல்டன்சியில் காட்டினேன். அவர்கள் ஏஐ எழுதியதா என்று சொல்லும் ஏதோ ஒரு டிடெக்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "72 சதவீதம் ஏஐ எழுதியதுன்னு வருதும்மா, இதை அனுப்ப முடியாது" என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். மிஷின் எழுதியதை வைத்தாலும் தப்பு, நானே எழுதினாலும் மிஷின் எழுதியது என்கிறார்கள் என்றால் என்னதான் செய்வது?

பிறகு தேடிப் படித்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் 91 டோஃபல் கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவை. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று அவை சொல்லியிருக்கின்றன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் இந்தத் தவறு ஏறக்குறைய இல்லை. காரணம் எளிது. அடுத்து வரும் வார்த்தையைச் சுலபமாக ஊகிக்க முடிந்தால் அந்தக் கருவி மிஷின் என்று முடிவு செய்கிறது. ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகப் படித்த நம்மிடம் இருக்கும் சொற்கள் குறைவு; ஊகிக்கத்தான் முடியும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் டிடெக்டரை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. இதைத் தெரிந்துகொண்டபின் டிடெக்டர் பக்கமே நான் போகவில்லை. சதவீதத்தைக் குறைப்பதற்காக நல்ல வாக்கியத்தைக் கோணலாக்கும் பிள்ளைகளைப் பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விதிகளையும் படித்தேன். இளநிலைப் படிப்புக்குப் பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப், ஏஐ எழுதிய விஷயத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதை மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், யோசிக்கவும் திருத்தவும் உதவி வாங்கலாம், ஆனால் கடைசியில் இருப்பது உன் எழுத்தாக இருக்க வேண்டும் என்கிறது. எம்எஸ்ஸுக்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மாதிரி. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'இது என் சொந்த எழுத்து' என்று டிக் அடிக்கும் கட்டம் இருந்தால், அதற்கு மேலே உள்ள வரிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

எனக்கு வழி கிடைத்தது வீட்டில்தான். தீபாவளி லீவில் போனபோது, ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். அவர் சாயப்பட்டறையில் வின்ச், அதாவது துணியைச் சாயத்தில் சுழற்றும் மிஷின், ஓட்டியவர். போனில் ரெக்கார்டரைப் போட்டு வைத்தேன். "அதெல்லாம் எதுக்கு சாமி?" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் பேசினார். நொய்யல் ஆற்றில் அன்றைக்கு எந்தச் சாயம் ஓடியதோ அந்த நிறத்தில் தண்ணீர் போனது. அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை நம்பியிருந்தவர்களின் நிலம் கெட்டது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் இரண்டாம் வகுப்பு. அப்பா ஒரு வருடத்துக்கும் மேல் லோடு வண்டி ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த உத்தரவைப் பற்றி, "மூடுனது நாயந்தான். ஆத்தக் கெடுத்தது நாங்கதான?" என்று அவர் சொன்னதை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

அதைத் தமிழிலேயே எழுதினேன். பிறகு வரிவரியாக நானே ஆங்கிலமாக்கினேன். ஏஐயிடம் எழுதித் தா என்று கேட்கவில்லை. 'திருப்பூரைத் தெரியாத ஒருவருக்கு இதில் எங்கே புரியாது, கேள்வியாக மட்டும் கேள்' என்றேன். அது கேட்ட முதல் கேள்வியே: துணிக்குச் சாயம் போட ஏன் உப்பு? எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்தது என்பதால் அதை நான் எழுதவே இல்லை. பருத்தி தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொள்ளும், சாயத்துக்கும் அதே மின்னூட்டம், இரண்டும் விலகும், உப்புதான் அந்த விலகலைக் குறைத்துச் சாயத்தை நூலுக்குள் அனுப்பும். கருப்பு, நேவி ப்ளூ போன்ற அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரை போகும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரில் வந்துவிடும். என் ப்ராஜெக்டே அந்த உப்பை மீட்பது! இந்த ஒரு பத்தி சேர்ந்தபிறகுதான் கட்டுரை நிமிர்ந்து நின்றது. இந்த உதவிக்கு நான் நன்றி சொல்கிறேன், மறைக்கவும் இல்லை.

சிபாரிசுக் கடிதங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். "நீயே டிராஃப்ட் எழுதிட்டு வாம்மா" என்று ஆசிரியர்கள் சொல்வது நம் ஊர் வழக்கம். இப்போது பலர் கேட்கப்படும் மூன்று கடிதங்களையும் ஏஐயிடம் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். மூன்று பேராசிரியர்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள். நான் டிராஃப்ட் கொடுக்கவில்லை. லேபில் எந்த வாரம் என்ன செய்தேன், எது தோற்றது என்று ஒரு பக்கம் குறிப்பு கொடுத்து, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் சார் என்றேன். இருவர் எழுதினார்கள். ஒருவருக்கு நேரமில்லை, வேறொருவரிடம் போனேன். கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டதால் அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இளநிலை விண்ணப்பங்களில் வரும் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதை டியூக் பல்கலைக்கழகம் 2024-இல் நிறுத்தியது. கட்டுரை மாணவரின் சொந்த எழுத்து என்று இனி நம்பிக்கொள்ள முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம். எனக்கு அது வருத்தம்தான். பெரிய கல்லூரியின் பெயரோ, வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்போ இல்லாத பிள்ளைக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ள இருக்கும் இடம் அந்த இரண்டு பக்கம் மட்டுமே.

ஐந்தில் மூன்று மறுத்தார்கள், இரண்டில் இடம் கிடைத்தது. அதில் ஒரு துறையில் முடிவுக்கு முன் ஜூமில் இருபது நிமிடம் பேசினார்கள். மதிப்பெண் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சாயக் கழிவுநீரை ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை இப்போது என்ன செய்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள். மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு வழி தேடித்தான் வர நினைக்கிறேன் என்றேன்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் இந்த வருடம் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிக்கிறான். மாதிரிக்கு என் எஸ்ஓபியைக் கேட்டான். நான் அனுப்பவில்லை. அவன் அம்மா பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங். முதலில் அவரிடம் பேசி ரெக்கார்ட் பண்ணு என்றேன். நேற்று 47 நிமிட ஆடியோ வந்திருக்கிறது. இன்று இரவு இருவரும் போனில் சேர்ந்து கேட்கப் போகிறோம்.