திண்ணையில் பிரஷர் பார்க்காதீர்கள்

கிராம சுகாதாரச் செவிலியராகச் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கர்ப்பிணியைப் பார்க்கப் போனால் முதலில் திண்ணையில்தான் உட்காரச் சொல்வார்கள். அங்கேயே பிரஷர் பார்த்தால் கணக்கு தப்பும். கால் தொங்கும், முதுகுக்குச் சாய்மானம் இருக்காது. இரண்டுமே அளவைக் கூட்டிக் காட்டும். உள்ளே வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) நாற்காலி போடச் சொல்லி, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்த பிறகே பிரஷர் கருவியின் பட்டையைக் கையில் கட்டுகிறோம். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கையைப் பிடித்து அளவைக் கெடுக்கும். கழற்றுவதுதான் சரி, அதற்கு மறைவாக ஓர் அறை வேண்டும். 140/90 வந்தால் சற்று பொறுத்து மறுபடி பார்க்கிறோம்; அப்போதும் இறங்கவில்லையா, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்து அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறோம். கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் 108தான்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. "சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டால் "ஆமா"தான் பதில். "ஆச்சி, அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று மாமியாரிடம் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள். போன மாதம் கொடுத்த முப்பதில் இருபத்திரண்டு அப்படியே இருக்கும். மலம் கறுப்பாகப் போகிறதென்று பயம், குமட்டல், பிள்ளை கறுத்துவிடும் என்ற பேச்சு. காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். கறுப்பு இயல்பானது என்று மாமியார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். காப்பி, டீ, பாலோடு வேண்டாம். எலுமிச்சைச் சாறு நல்லது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

எடை, கால் வீக்கம், குழந்தை அசைவு ஆகியவற்றை வழக்கம்போல் பார்த்து எழுதிவிடலாம்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போதுதான் ஆள் கைநழுவும். இந்த ஊர்ச் செவிலியர் அங்கே பார்ப்பார்கள் என்று விட்டுவிடுவார், அந்த ஊர்ச் செவிலியருக்கு ஆள் வந்ததே தெரியாது. பிரஷர் ஏறக்கூடிய மாதங்களும் அவைதான். கிளம்பும் தேதி தெரிந்ததுமே அந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு, பிக்மி எண்ணையும் (கர்ப்பிணியின் அரசுப் பதிவு எண்) கடைசி அளவுகளையும் சொல்லிவிடுகிறோம். பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதே எண்தான். தாய் சேய் நல அட்டையைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். சீர்ப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்விட்டால் நடுராத்திரி வலி எடுக்கும்போது யாருக்கும் கிடைக்காது.