ஆயிரம் வருகையில் எத்தனை ஆர்டர்?

சென்னிமலைப் போர்வைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடைக்கு மாதந்தோறும் அறிக்கை தயாரித்துக் கொடுக்கிறேன். தளத்துக்கு வரும் வருகைகளில் எத்தனை விற்பனையாக முடிகின்றன என்பதைச் சொல்லும் கன்வெர்ஷன் ரேட்தான் அதில் முதல் எண். ஒரு மே மாதம் அது 1.5 சதவீதத்திலிருந்து 1.2 ஆக இறங்கியதால் சிவப்பு நிறத்தில் குறித்து அனுப்பினேன். கடைக்காரர் உடனே அழைத்து, "ஆர்டர் முப்பதுல இருந்து அறுபதாயிருக்கு, நீங்க குறைஞ்சு போச்சுங்கறீங்களே தம்பி?" என்றார். அவர் கேட்டது நியாயம். என்னிடம் அப்போது பதில் இல்லை.

அன்றிரவு கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஏப்ரலில் கைப்பேசியில் 1000, கணினியில் 1000 என மொத்தம் 2000 வருகைகள். மே மாதம் விளம்பரம் கொடுத்ததில் கைப்பேசி வருகை மட்டும் 4000 ஆகியிருந்தது. கைப்பேசியில் ஆயிரம் வருகைக்கு 8 ஆர்டர் என்றிருந்தது 9 ஆகவும், கணினியில் 22 என்றிருந்தது 24 ஆகவும் உயர்ந்திருந்தன. இரண்டும் உயர்ந்திருக்க மொத்த விகிதம் சரிந்ததற்குக் காரணம், எப்போதும் குறைவாகவே வாங்கும் கைப்பேசி வருகையின் பங்கு பாதியிலிருந்து ஐந்தில் நான்காகக் கூடியதுதான். புள்ளியியலில் இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். படித்திருந்தும், என் அறிக்கையிலேயே அது உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு சதவீதத்தை விட்டுவிட்டு, கைப்பேசிக்கும் கணினிக்கும் தனித்தனியாக "ஆயிரத்துக்கு இத்தனை" என்று எழுதத் தொடங்கினேன். பரிசோதனை முடிவுகளைச் சதவீதமாகச் சொல்வதைவிட "ஆயிரம் பேரில் இத்தனை பேர்" என்று சொன்னால் மருத்துவர்களே சரியாகப் புரிந்துகொள்கிறார்கள் என ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் காட்டியிருக்கிறார். முதலில் நானும் "ஆயிரம் பேர்" என்றே எழுதினேன். ஒரு போர்வை வாங்க ஒருவரே நான்கு முறை வந்து பார்த்துப் போவதுண்டு என்பதால், பிறகு "வருகை" என்று திருத்தினேன். 1.2 என்பது 1.5 ஆனால் அதை 25 சதவீத வளர்ச்சி என்று எழுதும் வழக்கத்தையும் கைவிட்டேன். ஆயிரத்துக்கு 12 என்பது 15 ஆயிற்று என்றாலே போதும்.

அடுத்து எண்ணிக்கையே தவறாக இருப்பது தெரிந்தது. ஒரு மாதம், தளத்தின் வருகையையும் விற்பனையையும் எண்ணித் தரும் கூகுள் அனலிட்டிக்ஸ் 71 ஆர்டர் என்றது, கடையின் ஆர்டர் புத்தகத்தில் 64தான் இருந்தன. ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கம் திறப்பதையே நான் விற்பனையாகக் குறித்து வைத்திருந்தேன். ஆர்டர் எண்ணைப் பார்க்க வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தபோதெல்லாம் இன்னொரு விற்பனை ஏறியிருக்கிறது. கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய வடிவமான, 2023 ஜூலையில் நிறுத்தப்பட்ட யுனிவர்சல் அனலிட்டிக்ஸில், நாம் இலக்காகக் குறித்து வைத்த செயல் ஒரு வருகைக்கு ஒருமுறைதான் எண்ணப்பட்டது. அதன் புதிய வடிவமான ஜிஏ4, நாம் மாற்றாதவரை, ஒவ்வொரு முறையும் எண்ணும். ஆர்டர் எண்ணோடு சேர்த்து அனுப்பப்படும் பர்ச்சேஸ் நிகழ்வுக்கு, அதாவது விற்பனையைத் தெரிவிக்கும் தனிப் பதிவுக்கு, மாறியபின், ஒரே எண் இரண்டாம் முறை வந்தாலும் கணக்கில் ஏறுவதில்லை.

இப்போது அறிக்கை ஒரே பக்கம். கைப்பேசிக்கான வரியில், ஆயிரம் வருகையில் 40 கூடை வரை போயின, 9 ஆர்டர் ஆயின என்றிருந்தது. கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "மீதி முப்பத்தொண்ணும் எங்க நின்னுச்சு தம்பி?" என்று கேட்டார். கூரியர் கட்டணம் முதன்முதலாகத் தெரியும் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கியிருக்கிறோம்.