ஐஸுக்கு அடியில்

கனடாவில் இருக்கும் அக்கா நேற்று வாட்ஸ்அப்பில் ஒரே புலம்பல். அவர் ஊர் நகரசபையின் பழைய ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கைப் பழுதுபார்ப்பதா, இடிப்பதா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டமாம். “ஐஸ்தானே, தண்ணியை ஊத்தினா உறைஞ்சிடப் போகுது” என்றேன். திட்டு விழுந்தது.

அப்புறம் விளக்கினார். மேலே தெரியும் ஐஸ் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே கான்கிரீட் தளம், அதற்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய், குழாய்க்குள் உறையாத உப்புநீர். அதைக் குளிரவைக்கப் பல இடங்களில் அம்மோனியா. 2017-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகர அரங்கில் அது கசிந்து 3 பேர் இறந்தார்கள். குழாய் கெட்டால் தளத்தையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

நமக்குச் சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப் கடைத்தொகுதியில் ஒன்று இருந்தது, 2012-ல் திறந்த ஒலிம்பிக் அளவுத் தளம். மகள் ஒரு மணி நேரமும் ஓரக் கம்பியை விடவே இல்லை. வெளியே வெயில் கொளுத்த, எனக்கு மூக்கு நுனி மரத்துப்போனது. 2023 ஆகஸ்டில் கடைத்தொகுதியோடு அதுவும் மூடியது. தனியார் இடம், நம்மிடம் யார் கேட்பார்கள்?

நம் அடுக்குமாடி புளோக்குகளைப் பார்த்துக்கொள்ளும் நகர மன்றத்துக்கு நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதி, லிஃப்ட் மாற்றவும் புளோக்குக்குச் சாயம் அடிக்கவும் தனியே சேர்கிறதல்லவா, அதை அக்காவிடம் சொன்னேன். “இங்கயும் அப்படிச் சேர்த்திருந்தா இப்ப அடிச்சுக்க வேண்டாமே” என்றார். அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறாராம். இத்தனைக்கும் ஸ்கேட்டிங் ஷூவை ஒருநாளும் மாட்டியதில்லை.