ஐந்தாவது மலை வரை

ஏப்ரல் 29

கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிச் சிவனைப் பார்க்கும் வெள்ளியங்கிரிக்குப் போகலாம் என்று பிப்ரவரியிலேயே பேச்சு. வனத்துறை பாதையைத் திறந்துவிடுவதே பிப்ரவரியிலிருந்து மே வரைதான். ஆளுக்கொரு சாக்குச் சொல்லி இழுத்து, கடைசியில் மே மாதம் என்று ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம்கூட கோவையில் இடியோடு நல்ல மழை. "கோடை மழைடா, ஒரு மணி நேரத்துல விட்டுரும்" என்கிறான் எங்கள் பேங்க்காரன். ஐந்து பேரில் மூன்று பேருக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. நான் ஒன்றுதான் கேட்டேன்: ஒருத்தன் திரும்பலாம் என்றால் அத்தனை பேரும் திரும்பணும். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

மே 2

அடிவாரத்துப் பூண்டி கோயிலில் சாமி கும்பிட்டு, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினோம். அடிவாரச் சோதனையில் பிஸ்கட் உறையைக் கிழித்தெடுத்துவிட்டு, பிஸ்கட்டைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழையில் அது என்ன ஆகும் என்று அப்போது தோன்றவில்லை. நாலு மணிக்கு ஏற ஆரம்பிக்கிறோம். மீதி இறங்கி வந்து.

மே 3

காலை பத்து மணி. அடிவாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் இன்னும் மரத்துப்போயிருக்கிறது.

முதல் மலை முழுக்கச் செங்குத்துப் படி. வெள்ளை விநாயகர் கோயில் வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. கைதட்டி சுனையில் தண்ணீர் பிடிக்கும்போதே இருட்டிவிட்டது. அப்போது ஒரு தூறல்கூட இல்லை.

நாலாவது மலையில் மூடுபனி இறங்கியது. நெற்றி விளக்கைப் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான், படி தெரியவில்லை. கழற்றி முழங்கால் உயரத்தில் பிடித்தபிறகுதான் காலடி தெரிந்தது. ஒருத்தன் பையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு நடந்தோம். அப்புறம் மழை பிடித்தது. ஐம்பது ரூபாய் மழைக்கோட்டைக் காற்று அக்குளிலிருந்து கிழித்துக்கொண்டு போனது. பிஸ்கட் காகிதத்தோடு கூழாகிவிட்டது. அதையும் வழித்துத் தின்றோம்.

ஐந்தாவது மலையில்தான் பயம் வந்தது. அங்கே மரம் கிடையாது, பெரும்பாலும் புல்வெளிதான். சுற்றுவட்டாரத்தில் உயரமாக நிற்பது நாம் மட்டுமே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிக்கொண்டே வந்தேன். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று வினாடி. முதலில் பன்னிரண்டு வந்தது. அடுத்தது ஒன்பது. அதற்கடுத்தது ஐந்து எண்ணுவதற்குள் இடித்துவிட்டது.

"திரும்பலாம்" என்றேன்.

"இன்னும் ரெண்டு மலைதான் மாப்ளே! இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றான் பேங்க்காரன். ஊரில் சத்தமே போடாதவன். இருவர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். தலையாட்டிய தலைகள்தான்.

மேலேயிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். செருப்பில்லாத கால். நின்று எங்களைப் பார்த்தார். "நானே ஏழாவது மலை சுவாமி முடியைப் பாக்காமத்தான் இறங்கறனுங்க. வருசா வருசம் வரேன். வாங்க சாமி, கீழ போயரலாம்" என்று சொல்லிவிட்டு, காத்திருக்காமல் நடந்துவிட்டார். நான் சொன்னால் கேட்காதவர்கள் அவர் பின்னால் வரிசையாகத் திரும்பினார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

புல்வெளி தாண்டி, மரங்களுக்குக் கீழே தார்ப்பாய் போட்ட ஒரு கடை. இருபது பேர் ஒண்டியிருந்தோம். சுக்குக் காபியில் கூரை ஒழுகி, குடிக்கக் குடிக்கக் குறையவே இல்லை. மூன்று மணி நேரம். பேங்க்காரன் என் பக்கம் திரும்பவில்லை.

இறங்குவதுதான் நரகம். படியெல்லாம் சேறு. தடி மட்டும் இல்லையென்றால் நாலு தடவை விழுந்திருப்பேன். இருந்தும் இரண்டு தடவை விழுந்தேன்.

மே 5

மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிகிறது. வீட்டில் "ஏழும் ஏறியாச்சா?" என்று கேட்டாள். ஐந்து என்றேன். "அதுவும் முழுசா இல்ல" என்று கூட வந்த ஒருத்தன் போனில் கத்துகிறான். அவனும்தானே திரும்பினான்?

தடி கதவோரம் சாய்ந்திருக்கிறது. அடிமுனை நார்நாராகப் பிளந்து, இன்னும் ஈரம் காயவில்லை.

இரவு பேங்க்காரனிடமிருந்து மெசேஜ்: "அடுத்த வருசம் பிப்ரவரி. மேன்னு எவனாவது சொன்னா நான் வரல."