சுங்கை சிப்புட்டில் நான்கு நாள் வெயில்

மெல்பர்னில் பனி பொழியாது. ஆனால் ஜூன் மாதக் குளிர் எலும்புவரை இறங்கும். காலையில் ஏழு, எட்டு டிகிரி. பகலில் பதினாலைத் தொட்டால் நல்ல நாள். ஏழரைக்கு விடிந்து ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வீட்டுக்கு வரும்போதும் இருட்டு. இந்த வருடம் மே மாதக் கடைசியிலேயே என் கணவரை இருமல் பிடித்துக்கொண்டது. "நாலு நாள் வெயிலில் உட்கார்ந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்றார்.

ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை இங்கே மன்னர் பிறந்தநாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் கையில் கிடைக்கும். அவர் பாலி என்றார். நான் சுங்கை சிப்புட் என்றேன். பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள என் ஊர். என்னைப் பாதி வளர்த்த பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. என் கணவர் ஈரோட்டுக்காரர். மலேசியா என்றால் அவருக்குக் கோலாலம்பூர், பினாங்கு, பத்துமலை அவ்வளவுதான். நான் ரப்பர் தோட்டத்தை நினைத்துத் தோட்டம் என்று சொல்லும்போதெல்லாம் அவர் மனதில் வாழைத்தோப்புதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதை மாற்ற வேண்டும் என்று பல நாளாக ஆசை.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டு மணி நேர விமானம். மலேசியா இரண்டு மணி நேரம் பின்னால் இருப்பதால், நள்ளிரவுக்குப் பிறகு ஏறினாலும் விடிகிற நேரத்துக்கு இறங்கிவிடலாம். விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையம், அங்கிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். எல்லா வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்காது, பார்த்து எடுங்கள். வார இறுதி என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

ஸ்டேஷனில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. முப்பத்து மூன்று டிகிரி இருக்கும். கணவர் மேடையிலேயே பையைக் கீழே வைத்து, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

சுங்கை என்றால் மலாயில் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. மலாக்காவிலும் ஒரு சுங்கை சிப்புட் உண்டு என்பதால் இதை வடக்கு என்று சேர்த்துத்தான் எழுதுவார்கள். ஊர் சின்னது. பழைய கடை வரிசை, சந்தை, முருகன் கோயில், சீனர் காப்பிக்கடை, நம்மவர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அதைச் சுற்றி நாலா பக்கமும் தோட்டங்கள். ஒரு காலத்தில் எல்லாமே ரப்பர். இப்போது பெரும்பகுதி எண்ணெய் எடுக்கும் செம்பனை.

இந்த ஊரின் பெயர் சரித்திரப் புத்தகங்களில் இரண்டு காரணங்களுக்காக வரும். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலை, எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டு கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிப் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. இன்னொரு காரணம் துன் வீ.தி. சம்பந்தன். 1919-இல் இங்கே பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக, தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம். பெரியம்மாவின் மாமனாரும் அப்படிக் கட்டியவர். மகாத்மா காந்தி கலாசாலையின் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லலாம் என்று பார்த்தால் இந்த ஊரில் ஆட்டோ ஏது, பெரியம்மா மகனின் காரில்தான் போனோம். 1950-களில் சம்பந்தன் உருவாக்கிய தமிழ்ப்பள்ளி அது. வாசலில் நின்று கணவர் பெயர்ப்பலகையை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். கடல் தாண்டி இத்தனை தூரத்தில் ஒரு முழுப் பள்ளிக்கூடமே தமிழில் நடப்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எனக்கும் அதில் பெருமைதான்.

பெரியம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். லயம் என்ற தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டை விட்டு வெளியேறி, ஊரோரத் தாமானில், அதாவது குடியிருப்பில், இரண்டு அறை வீட்டில் மகனோடு இருக்கிறார். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "என்ன பாப்பா, மாப்ளைய இப்படி வெளுக்க வச்சிட்ட?" அப்புறம் நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். நெத்திலிச் சம்பல், மரவள்ளி இலைக் கூட்டு, புளி தூக்கலாகப் போட்ட மீன் கறி. அந்த மரவள்ளி இலையின் வாசனை இத்தனை வருடமாக எனக்குள் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

சனிக்கிழமை கோலக் கங்சார் போனோம். காரில் அரை மணி நேரம். எல்லாரும் தங்கக் குவிமாட மசூதியைப் பார்க்கப் போவார்கள். அதன் அழகுக்குக் குறையே இல்லை. ஆனால் நான் காட்ட நினைத்தது ஒரு மரத்தை. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகள் போயின. அடுத்த வருடமே அங்கிருந்து இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலக் கங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் நடவில் மிஞ்சிய மரம் அரசாங்க அலுவலகங்களுக்குப் பக்கத்தில், வேலிக்குள் நிற்கிறது. அடிமரம் பருத்து, முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி நகர முடியவில்லை. என் பாட்டனார் கப்பலேறியது, பெரியம்மாவின் முப்பது வருடம், நான் பிறந்தது எல்லாவற்றுக்கும் இந்த மரங்கள்தான் காரணம்.

திரும்பும் வழியில் கராயில் விக்டோரியா பாலம். பேராக் ஆற்றின் மேல் 1897-இல் தொடங்கி 1900-இல் முடித்த இரும்பு ரயில் பாலம். பக்கத்தில் புதுப் பாலம் வந்தபின் இதில் ரயில் ஓடுவதில்லை, ஓரமாக நடந்து கடக்கலாம். மாலை ஆறரை மணி. கீழே ஆறு மண் நிறத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மெல்பர்னில் இந்நேரம் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருப்போம் என்றார் கணவர். இருமல் நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

அன்று இரவு டுரியான். ஜூன் என்றால் பேராக்கில் டுரியான் இறங்கத் தொடங்கும் பருவம். கம்போங் பழத்தை, அதாவது கிராமத்து டுரியானை, பறிக்க மாட்டார்கள், மரத்திலிருந்து தானாக விழ வேண்டும், அதுதான் ருசி. பெரியம்மா மகன் சாலையோரக் கொட்டாயில் ஐந்து பழம் பார்த்து எடுத்தான். ஒவ்வொன்றையும் காதருகில் வைத்து ஆட்டி, காம்பை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பான். கடைக்காரர் கத்தி முனையைப் பழத்தின் அடியில் குத்தித் திருப்பினார். ஓடு பிளந்தது. வெள்ளைக் குழிக்குள் மஞ்சள் சுளை. கணவர் முதல் சுளையைப் பயந்து பயந்து தின்றார், மூன்றாவதைக் கேட்டு வாங்கினார். தின்று முடித்ததும் காலி ஓட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொன்னார் பெரியம்மா. "பழம் சூடு. ஓட்டுத் தண்ணி குடிச்சா அடங்கிரும்." கை வாசனையும் அந்தத் தண்ணீரில் கழுவினால்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரப்பர் காட்டுக்குப் போவதாகத் திட்டம். பெரியம்மாவோடு தோட்டத்தில் வேலை செய்த ஓர் அத்தை இன்னும் ஒரு மலாய்க்காரரின் சிறுதோட்டத்தில் பங்குக்கு மரம் சீவுகிறார். ஐந்து மணிக்கு எழுந்து தயாராக இருந்தோம். ஐந்தரைக்குக் காற்று சுழற்றி அடித்தது, அப்புறம் மழை. மலாக்கா நீரிணையைத் தாண்டி அதிகாலையில் வரும் இந்த மழைக்காற்றுக்கு இங்கே 'சுமத்ரா' என்றே பெயர். பட்டை நனைந்தால் மரம் சீவ முடியாது. பால் சீவிய கோட்டில் இறங்காமல் மரம் முழுக்க வழிந்து வீணாகும். அத்தை வாசல் வரை வந்து, "இன்னைக்கி வேல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழைச் சத்தத்தில் கோப்பி குடித்துக்கொண்டே பெரியம்மா பேசத் தொடங்கினார். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட வேண்டும். அப்புறம் ஐந்நூறு மரம். இத்தனை சீக்கிரம் ஏன் எழ வேண்டும் என்று கணவர் கேட்டார். வெயில் ஏறினால் பால் ஓடாது என்றார் பெரியம்மா. உண்மைதான். இரவெல்லாம் மரம் தண்ணீரை இழுத்து நிரம்பியிருக்கும், பட்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும். வெயில் வந்து இலைகள் ஆவியை விடத் தொடங்கினால் அந்த அழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும். நாங்கள் வெயிலைத் தேடி ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்கிறோம். இந்த ஜனங்களோ வாழ்நாள் முழுக்க வெயிலுக்கு முந்தி எழுந்தவர்கள்.

"எங்களுக்கும் குளிர்காலம் உண்டு மாப்ள" என்றார் திடீரென்று. மாசி, பங்குனி வாக்கில் ரப்பர் மரம் இலையெல்லாம் செம்பழுப்பாகி உதிர்ந்து, காடே மொட்டையாக நிற்கும். வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு 'விண்டரிங்' என்றே பேர் வைத்திருந்தார்கள். புதுத் துளிர் விட்டு இலை முற்றும்வரை பால் குறைந்துவிடும். பால் குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். "அந்த ரெண்டு மாசம் கடையில கடன்தான். ஒங்கம்மாவுக்குக் காது குத்துனது அந்தக் கடன்லதான் பாப்பா." இதை நான் இதுவரை கேட்டதே இல்லை. முப்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் குளிர்காலம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வானம் தெளிவாக இருந்தது. மத்தியானம் ரயில். ஆனாலும் போனோம். ஆறு மணிக்கு இன்னும் கும்மிருட்டு, இங்கே சூரியன் ஏழுக்கு மேல்தான். அத்தை நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கொசுச் சத்தம், ஈரச் சருகு, அப்புறம் உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலின் அந்தப் புளித்த நாற்றம். எனக்கு அது வீட்டு வாசனை.

அத்தை முதல் மரத்தில் போன முறை காய்ந்து ஒட்டியிருந்த கோட்டுப்பாலை விரலால் உருவினார். அது ரப்பர் வளையம் மாதிரி நீண்டு வந்தது. உளியை மேலே இடது ஓரத்தில் வைத்துச் சரிவாகக் கீழ்நோக்கி இழுத்தார். மெல்லிசாக ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். பட்டையைத் தாண்டி உள்மரத்தைத் தொடும் அளவுக்கு ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் புடைத்து, அடுத்த முறை அங்கே சீவ முடியாது. சீவிய கோட்டில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக ஊறி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகி, தகரத் தாழ்வாரத்தில் இறங்கி, மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டியது. ஒரு மரத்துக்கு அத்தைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பெரியம்மா அதுவரை ஒன்றும் பேசாமல் நின்றார். "குடு இங்க" என்று உளியை வாங்கினார். முட்டி வலியோடு கொஞ்சம் குனிந்து, ஒரே இழுப்பு. சீவல் அறுபடாமல் முழுசாக விழுந்தது. கோட்டை விளக்கில் பார்த்தார், கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். அப்புறம் என் கணவரைக் கூப்பிட்டு அவர் கையில் உளியைக் கொடுத்து, மேலே தன் கையை வைத்து, மெதுவாக இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் சட்டைக் கை பாலில் பட்டுவிட்டது. "துணியில பட்டா போகாது மாப்ள, சொல்லிட்டேன்" என்றார்.

ஏழரை மணிக்கு மரங்களுக்கிடையே வெளிச்சம் சாய்வாக விழத் தொடங்கியது. அத்தை முக்கால்வாசி மர நிரையை முடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மெல்பர்னில் இறங்கியபோது வெளியே ஆறு டிகிரி. பயணிகள் அட்டையில் மண் ஒட்டிய பொருள் உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று குறித்திருந்தோம். அதிகாரி காலணிகளை வாங்கிப் பார்த்து, அடிப்பக்கத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். ரப்பர் தோட்டம் என்றார் கணவர். ஸ்வெட்டருக்குள்ளிருந்து சட்டைக் கை வெளியே தெரிந்தது. பால் பட்ட இடம் அதற்குள் பழுப்பாகியிருந்தது.